ஆமை திரும்பிப் போனதா?

தம்பி, தொட்டில் போட்ட அன்று என்ன நடந்தது என்று நீ கேட்ட கேள்விக்குப் போனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லப் பார்த்தேன். ஒரு தடவை அழுகை வந்துவிட்டது, இன்னொரு தடவை சிரிப்பு வந்துவிட்டது. நீ சிங்கப்பூரில் கப்பல் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு "யம்மா, அழுவுறியா சிரிக்கிறியா, ஒண்ண சொல்லு" என்று கத்துகிறாய். இரண்டும்தான். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். எங்காவது லகரம் ளகரம் மாறியிருந்தால் நீயே மாற்றிப் படித்துக்கொள். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. உன் மாமியார் என்ன சொன்னார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது, ஆனால் நான் பட்ட பாட்டை முதலில் படி.

குறிஞ்சிப்பாடியில் உன் மகளுக்குத் தொட்டில் போட நாள் பார்த்ததும் நீ வசந்தியிடம் சொல்லியிருக்கிறாய், முதல் பாட்டு அப்பா பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று. அவளும் ஆசை ஆசையாகத் தனக்குத் தெரிந்த முதல் வரியை அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறாள். சம்பந்தியம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்களாம். "இன்னாடி பாடுற? ஆமெயா? பச்சப் புள்ள இருக்குற ஊட்டுக்குள்ள ஆமெய கூப்புடுறியா?" ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைப்பதுதானே. நீ அதற்குக் கோபப்பட்டு வசந்தியிடம் போனில் கத்தினாய் என்று கேள்விப்பட்டேன். கத்தாதே தம்பி. அந்த அம்மா தன் முதல் பிள்ளையைத் தொட்டிலிலேயே பறிகொடுத்தவர்கள். வசந்தி அதற்கு அப்புறம் பிறந்தவள். தொட்டில் என்றால் நமக்குச் சந்தோஷம், அவர்களுக்குப் பயம். அதை நினைத்துக்கொண்டு பேசு.

நான் போன் செய்தபோது அவர்கள் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்கள். "சம்பந்தி, ஒங்க ஊட்டுக்காரர் பாட்ட நான் கொறை சொல்லல. வர்ற ஆமெ கடைசியில திரும்பிப் போவுதா, அத மட்டும் சொல்லுங்க. போவுதுன்னா தாராளமா பாடுங்க. உள்ளயே தங்குதுன்னா எம்பேத்தி காதுல அது வுழ வேணாம்." நியாயமான கேள்வி. கேட்டுச் சொல்கிறேன் சம்பந்தி என்று போனை வைத்தேன். அத்தனை வருஷம் உன் அப்பாவோடு குடும்பம் நடத்தியவள், உன்னை அந்தப் பாட்டிலேயே வளர்த்தவள், அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் என்றால் ஒரு நாள்கூட நான் அதை முடிவு வரை கேட்டது கிடையாது. உன்னைத் தூங்க வைக்க அவர் பாடுவார், நீ தூங்குவதற்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து மத்தியானம் அக்கடா என்று சாய்ந்தால், அவர் "ஆமே" என்று ஆரம்பிப்பார், அவ்வளவுதான். எழுந்து பார்த்தால் நீயும் அவரும் ஒரே பாயில் கிடப்பீர்கள்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தபோது கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் கிடந்தேன். எனக்கு இந்தப் பக்கத்துக் கட்டிலில் மேல்பட்டாம்பாக்கத்துக் கிறிஸ்துவப் பெண், அந்தப் பக்கம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய் வீட்டுப் பெண். இந்தக் கட்டிலில் பிள்ளை அழுதால் அவள் அம்மா மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஜெபம் செய்வார்கள், ஒவ்வொரு வரி முடியும்போதும் இழுத்து "ஆமேன்". அந்தக் கட்டிலில் பிள்ளை அழுதால் அவர்களும் ஓதி, ஊதி, கடைசியில் "ஆமீன்". ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். கடல் சத்தத்திலேயே வளர்ந்த காது அது. மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார், "ஏம்மே, இங்க எல்லாரும் எதுக்கு ஆமெய கூப்புடுறாங்க? ஆமெய கூப்புட்டா புள்ள தூங்குமா?" தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் நர்சம்மா ஓடி வந்துவிட்டார்கள். ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிள்ளை தூங்க ஆமையைத்தான் கூப்பிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த முதல் நாளே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, கரைவலை இழுக்கும்போது பாடுகிற ஏலோவை எடுத்து மெதுவாக்கி, மேல்பட்டாம்பாக்கத்து அம்மா இழுத்த மாதிரியே இழுத்து, பாட ஆரம்பித்துவிட்டார்.

ஆமே ஆமே அசஞ்சு வா
அலைய வுட்டுக் கரைக்கு வா
மணல நோண்டி மெத்த போடு
எம்புள்ளைக்கும் எடங் குடு
ஏலே ஏலோ... ஆமே ஆமே...

நம் தேவனாம்பட்டினத்தில் அப்போதே கேலி செய்தார்கள். ஆம்பளை தாலாட்டுப் பாடுகிறானே என்று ஒரு கேலி, ஆமையைக் கூப்பிடுகிறானே என்று இன்னொரு கேலி. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முட்டைபோட வருகிற ஆமை நம் கரைக்கு வருவது புதிதா என்ன, அது யார் குடியைக் கெடுத்தது என்று திருப்பிக் கேட்பார்.

சுனாமிக்கு அப்புறம் உனக்கே எல்லாம் தெரியும். போட் போனது, வலை போனது, நாம் மூன்று பேரும் மிச்சம். கடல் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் காலை வைக்க மனசு வரவில்லை. யார் யாரையோ பிடித்து, லைசென்ஸ் எடுத்து, கடலூர் சிதம்பரம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக ஏறினார். அந்த வேலை அவருக்குப் பொருந்துமா என்று நான் பயந்தேன். கத்திப் பேசத் தெரியாத கண்டக்டர் எங்கே இருக்கிறார்? ஒரு நாள் கடலூர் ஓ.டி. ஸ்டாப் தாண்டியதும் ஒரு கைப்பிள்ளை அழ ஆரம்பித்திருக்கிறது. பெற்றவள் என்ன செய்தும் நிற்கவில்லை. நின்றிருந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். அவர் டிக்கெட் பையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு, கம்பியில் சாய்ந்து நின்று, "ஆமே ஆமே" என்று எடுத்திருக்கிறார். பிள்ளை தூங்கியது. பெற்றவள் தூங்கினாள். பக்கத்து சீட் தூங்கியது. புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவர்கள் எல்லாம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, "யோவ் கண்டக்டரே, எங்க ஊரு எங்கய்யா?" என்று கேட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்ததுதான், சுனாமிக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

அதற்கப்புறம் அந்த வண்டிக்கே பாட்டு வண்டி என்று பேராகிவிட்டது. கைப்பிள்ளைக்காரிகள் முன்னால் வருகிற வண்டியை விட்டுவிட்டு இந்த வண்டிக்கு நிற்பார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வருகிற நர்ஸ் ரோஸ்மேரி இருக்கிறதே, மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், அது ஏறியதுமே ஜன்னல் சீட்டில் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு "அண்ணே, ஆரம்பிங்க" என்று சொல்லுமாம். ஊர் தவறி இறங்கியவர்கள் முதலாளியிடம் புகார் சொல்ல, முதலாளியே ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, "எங்க, எம்முன்னாடி பாடுறா பாப்பம்" என்று முன் சீட்டில் உட்கார்ந்தாராம். ஆலப்பாக்கம் வருவதற்குள் குறட்டை. எழுந்தபோது அவருக்கே வெட்கம். "பாடு. ஆனா ஊரு வர்றதுக்கு முன்னாடி விசில ஊது, அவ்ளோதான் சொல்லுவேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

அப்பா போன அன்றும் அந்த வண்டியிலிருந்துதான் இறங்கினார். சிதம்பரம் ஸ்டாண்டில் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை நீயும் நானும் வேண்டிய மட்டும் அழுதாகிவிட்டது. இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஜாஸ்தி எழுத மாட்டேன். அவர் போன பிறகு அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சம்பந்தியம்மா கேட்ட கேள்விதான் என்னை மறுபடி ஏற வைத்தது. பாட்டைத் தினம் தினம் கேட்டவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்? ஒருத்தருக்காவது முடிவு தெரியாதா?

முதலில் டிரைவர் கோதண்டம் அண்ணனிடம் போனேன். எல்லோரும் தூங்கினாலும் அவர் விழித்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? இன்ஜின் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏம்மா தங்கச்சி, அவன் வாயத் தொறந்தா நான் காதுல பஞ்ச வச்சி அடைச்சிக்குவேன். எனக்கு மட்டும் காது கேட்டிருந்தா நீங்கல்லாம் உசுரோட ஊடு போய்ச் சேந்திருப்பீங்களா?" நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரோஸ்மேரி என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டது. சம்பந்தியம்மா கேட்டதைச் சொல்லி, முடிவு தெரியுமா என்றால், "ரெண்டாவது அடி வரைக்குந்தான் அக்கா எனக்கு நெனவு. அப்புறம் கடலூர்தான் வரும். ஆனா அது ஆமெ இல்லக்கா, ஆமேன். அந்த ராகமே எங்க கோயில் ராகம். சம்பந்தியம்மாகிட்ட ஆமேன்தான்னு சொல்லிடுங்க, முடிஞ்சுது பிரச்சன" என்றது. பி.முட்லூரில் ஏறிய, அத்தர் விற்கிற பாய்க்கு இது காதில் விழுந்துவிட்டது. வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு, "எந்தக் கோயிலும்மா? எங்க ஊட்டுல எங்கம்மா எனக்குப் பாடுன ராகம் இது. கடைசியில ஆமீன். நான் இத்தன வருசமா அந்தத் தம்பி அல்லாகிட்ட துஆ கேக்குறாருன்னுல்ல கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார். "ஆமெ திரும்பிப் போச்சான்னு தெரியுமா பாய்?" என்று கேட்டேன். "எனக்கு அது ஆமெயே இல்லையேம்மா, நான் எங்க போயி அதத் தேடுறது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் மீன் கூடையோடு இருந்த நம் ஊர் அஞ்சலாட்சிக்குப் பொறுக்கவில்லை. "அடப் போங்கய்யா! கடல்காரன் ஆமேனக் கண்டானா, ஆமீனக் கண்டானா? அவன் கூப்புட்டது ஆமெயத்தான். நானே கிண்டல் பண்ணியிருக்கேன். ஏய், நீ சம்பந்திக்கிட்டப் பொய் கிய்யி சொல்லாத, சொல்லிட்டேன்." உடனே முன்னால் ஒருவர் ஆமேன் என்கிறார், நடுவில் ஒருவர் அது சும்மா "ஆமாம் ஆமாம்" என்று பிள்ளையைச் சமாதானம் செய்வதுதான் என்கிறார். ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள், தம்பி! ஒருத்தர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் வீட்டில் பிறந்த பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நிமிஷம் முடிவு கிடைக்காத வருத்தமே மறந்துபோனது. உன் அப்பா செத்துப்போன மனுஷனாகவே தெரியவில்லை. இத்தனை பேர் சண்டை போட்டுக்கொள்கிறார்களே, எங்கேயோ டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தோன்றியது.

ஆமேன் என்று சொல்லிவிட்டால் சம்பந்தியம்மா நம்பிவிடுவார்கள்தான். மனசு ஒரு பக்கம் அப்படியும் இழுத்தது. ஆனால் அவர் கூப்பிட்டது ஆமையை. வார்டில் இருந்தவர்கள் சாமியைக் கூப்பிட்டார்கள், இவர் ஆமையைக் கூப்பிட்டார், உனக்குத் தூக்கம் வந்தது. அதை நான் எப்படி மாற்றிச் சொல்வேன்?

இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்ததில் ஒரு கைப்பிள்ளை விழித்து வீறிட்டது. சண்டை நின்றது. அப்புறம் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. "எக்கா, நீங்க பாடுங்க" என்றது ரோஸ்மேரி. எனக்குப் பாட வராது என்றேன். "அவருக்கு மட்டும் வந்துச்சா?" என்றாள் அஞ்சலாட்சி. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து பஞ்சை எடுத்தார். வேறு வழி இல்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினேன். முதல் அடி போனது. இரண்டாவது அடி, நான் அரைத் தூக்கத்தில் கேட்டது, அதுவும் எப்படியோ நாக்கில் வந்தது.

வாச தாண்டி உள்ள வா
வலைக்குப் பயப்புடாம வா
ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கோ
எம்புள்ளையையும் ஒளிச்சிக்கோ
ஏலே ஏலோ... ஆமே ஆமே...

பாடி நிறுத்திப் பார்க்கிறேன், பிள்ளை தூங்கிவிட்டது. ரோஸ்மேரி தூங்கிவிட்டது. பாய் தாடி நெஞ்சில் பட ஆடுகிறார். அஞ்சலாட்சி கூடைமேல் கவிழ்ந்துவிட்டாள். ஜன்னலில் காற்று மட்டும் வருகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாடுகிறவருக்கு மட்டும்தான் தூக்கம் வராது. அவர் தினம் தினம் இப்படித்தான் நின்றிருக்கிறார், சுற்றி அத்தனை பேரும் தூங்க, தான் மட்டும் விழித்துக்கொண்டு. இதற்கு மேல் பாட அவருக்குத் தேவையே வந்திருக்காது, தம்பி. எல்லோரும் தூங்கியான பிறகு யாருக்குப் பாடுவது? மூன்றாவது அடி என்று ஒன்று எங்கேயும் இல்லை. ஆமை உள்ளே வந்தது, பிள்ளையை ஓட்டுக்குள் ஒளித்துக்கொண்டது, அப்படியே நிற்கிறது, நீ பிறந்ததிலிருந்து.

அதை அப்படியே விட்டுவிட்டு நான் எப்படிக் குறிஞ்சிப்பாடிக்குப் போவேன்? அந்த அம்மாவுக்கு என்ன சொல்வேன்? அது மட்டும் இல்லை. அவர் கடைசியாக வேலைக்குக் கிளம்பியபோது நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். "வர்றேம்மே" என்றார். குடம் நிரம்புகிற அவசரத்தில் "ம்" என்று மட்டும் சொன்னேன். நம் ஆட்கள் யாரையும் போ என்று சொல்ல மாட்டோமே, போயிட்டு வா என்றுதானே சொல்வோம். அந்த ஒரு வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது. அவ்வளவு நாளாக அங்கேயே இருந்தது, அந்த பஸ்ஸில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, தானாக ராகத்தோடு வெளியே வந்தது. யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன்.

கண்ணு மூடிப் போச்சு ஆமே
கடலு ஒன்னத் தேடும் ஆமே
வந்த தடம் மணலுல இருக்கு
போயிட்டு வா ஆமே... போயிட்டு வா...

தொட்டில் போட்ட அன்று குறிஞ்சிப்பாடி வீட்டில் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். உன் மகளுக்கு உன் நெற்றி, வசந்தியின் வாய். தொட்டிலில் போட்டதும் உன்னை மாதிரியே காலை உதைத்துக்கொண்டு அழுதாள். சம்பந்தியம்மா தொட்டில் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். நான் பாடினேன். பாப்பா இரண்டாவது அடியில் அடங்கினாள், வசந்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள், பாக்கு மென்றுகொண்டிருந்த பெண்களுக்கு வாய் அசைவது நின்றது. சம்பந்தியம்மா மட்டும் அசையவில்லை. கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொள்கிறார்கள், நான் பார்த்தேன். ஆமை போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தூங்குவது என்று அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் பாட்டை முடிவு வரை விழித்திருந்து கேட்ட ஒரே ஆள் உன் மாமியார்தான், நினைவில் வைத்துக்கொள்.

முடித்ததும் குனிந்து ரகசியமாகக் கேட்டார்கள், "போச்சா?"

"போச்சு சம்பந்தி."

"இல்ல, போயிட்டு வான்னுல்ல சொன்னீங்க? மறுபடியும் வந்துடுமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் தொட்டில் துணியை விலக்கி, தூங்குகிற பிள்ளை முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்கள். மூச்சு வருகிறதா என்று விரலை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் என் கையைப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்கள், "சரி, வரட்டும் சம்பந்தி. அடுத்த புள்ளைக்கு வரட்டும்."

என் வேலை முடிந்தது தம்பி, ஆமையை நான் வழியனுப்பிவிட்டேன். அது திரும்பி வருவதும் வராததும் இனிமேல் உன் கையிலும் வசந்தி கையிலும்தான் இருக்கிறது. லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டு உடனே எழுது.

உன் அம்மா